பந்திக்கு வெளியே நின்றவர்

உத்திரமேரூரில் முகூர்த்த நாளில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன லோடு வண்டி நிற்கும். அதில் சாய்ந்துகொண்டு, தோளில் துண்டு போட்ட குள்ளமான மனிதர் ஒருவர் இருப்பார். சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு வெளியே வருகிறவர்களை நிறுத்தி, "சாப்பாடு எப்டிங்க கீது?" என்று கேட்பார். வண்டிக்கார ஆள் பசியோடு நிற்கிறான் என்று நினைத்து, "நல்லாத்தான் கீது, நீயும் போய்ச் சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்தான் அந்தச் சமையலின் முதலாளி. எனக்குத் தாய்மாமன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. நாலு பேருக்குச் சோறு போட்டவனெல்லாம் பிளெக்ஸ் பேனரில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற காலம் இது. இவர் ஊர் ஊராகப் பந்தி போட்டார், பிறகு மனை போட்டு விற்றார், ஆனால் ஒரு நோட்டீசில்கூட அவர் முகம் கிடையாது. கம்பெனிக்கு ஏதோ ஒரு சாமி பேர். நோட்டீசில் யாரோ வடநாட்டுக் குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மனிதர், மண்டபத்துக்கு வண்டி எடுக்கிற நாளில் ஏரி மதகு தாண்டியதும் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிடுவார். "எதுக்கு மாமா இப்டி ஒளிஞ்சிக்கினே கீற?" என்று கேட்டால், "எம் மூஞ்சியப் பாத்தா எவனுக்குப் பாப்பா பசி எடுக்கும்?" என்று சிரிப்பார்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாலாஜாபாத் போகிற சாலையில் ஊர் முடிந்து, வயல் முடிந்து, அதற்கப்புறம் வருகிற காலனி எங்களுடையது. அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தே வளர்ந்த தெரு. மாமா அதை விட்டுவிட்டுச் சமையல்காரர்களுக்குப் பாத்திரம் கழுவப் போனார். அப்புறம் அடுப்பு பார்த்தார், அப்புறம் கரண்டி பிடித்தார். கையில் ருசி இருந்தது. ருசி இருந்து என்ன செய்ய? பிரியாணிக் கடை போட்டிருந்தால் எல்லா ஜாதியும் வந்து தின்றிருக்கும். கல்யாணப் பந்தி அப்படி இல்லை. சமைத்தது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் இலை முன்னால் உட்கார மாட்டார்கள்.

அதற்காகவே மாமா ஒரு மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவாசிக்காரர். நெடுநெடுவென்று உயரம், நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி. சமையலில் அவருக்குத் தெரிந்தது காபி மட்டும். ஆனால் மண்டபத்து அடுப்பருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று, அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "ம்" என்று ஒரு தலையாட்டு ஆட்டுவார் பாருங்கள், பெண்ணைப் பெற்றவருக்கு வயிறு குளிர்ந்துவிடும். உண்மையான சமையல் மண்டபத்தில் நடக்காது. சாலையோரம் மாமா போட்டிருந்த ஷெட்டில் நடக்கும். அங்கே முழுப் பொறுப்பும் என் அம்மாவுடையது. தம்பி கேட்டரிங் ஆரம்பித்த நாளிலிருந்து அம்மா அந்த ஷெட்டில்தான் இருந்தாள். அவள் வைத்த காரக்குழம்பைச் சாப்பிடாத பெரிய வீடு எங்கள் பக்கம் இல்லை. அவள் கால் வைத்த மண்டபமும் ஒன்றுகூட இல்லை.

நான் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்த காலத்தில் மாமாவுக்குப் போன் எடுக்கிற வேலை பார்த்தேன். மெனு, ஆள் கணக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"சமைக்கிறது யாருங்க?"

"மாஸ்டருங்க. வந்தவாசி."

"அது சரி, கூட இருக்கற ஆளுங்க எப்டி?"

"நல்ல ஆளுங்கங்க. ரொம்ப சுத்தம்."

என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. மாமா எதிரிலேயே உட்கார்ந்து, ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி மறுநாளைக்கு வேண்டிய காய்கறி சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்கள் பக்கம் சாப்பாடு நன்றாக அமைந்துவிட்டால் சமையல்காரரைக் கூப்பிட்டுப் பந்தி நடுவில் நிறுத்திச் சால்வை போர்த்துவார்கள். மாஸ்டர் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வார். அதையும் சொல்ல வேண்டும், அவர் நேர்மையானவர். ஒவ்வொரு சால்வையையும் மடித்துக்கொண்டு வந்து வண்டியிடம் நிற்கிற மாமாவிடம் கொடுத்துவிடுவார். மாமா அதை ஷெட்டுக்குக் கொண்டுவந்து பொம்பளைகளிடம் போடுவார். எங்கள் ஷெட்டில் உரித்த வெங்காயம் கொட்டுவதும் ஜரிகைச் சால்வைதான், சூடான அண்டாவை இறக்கப் பிடிப்பதும் ஜரிகைச் சால்வைதான். இதை வைத்து மாமாவைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு தடவை மண்டபத்து வாசலில் மாட்டிக்கொண்டார். சின்ன வயதில் அவர் மாடு மேய்த்த வீட்டுப் பெரியவர் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். "இன்னாடா, நீ இங்க இன்னா பண்ற?" என்று கேட்டிருக்கிறார். "சாமான் ஏத்திக்கினு வந்தங்க" என்றாராம் மாமா. பெரியவருக்கு இரக்கம் வந்துவிட்டது. பந்தி முடிகிற வரைக்கும் இருக்கச் சொல்லி, மிச்சம் மீதி சோறும் குழம்பும் ஒரு பையில் கட்டி, பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, உங் கொயம்ப எனக்கே தருமம் பண்ணிட்டாரு. நல்லாத்தான் கீது, காரம் மட்டும் ஒரு சிட்டிக கம்மி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பையைப் பிரித்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்களும் சிரித்தோம். அம்மா மட்டும் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். எனக்கு அவர் அதைச் சாப்பிட்டதுதான் தாங்கவில்லை. தூக்கி எறிந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அவருக்கு அவமானமே கிடையாதா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்மேல் ஆத்திரம் வந்தது.

ஆத்திரப்பட்டு என்ன, எங்கள் தெருவில் பணமில்லாமல் படிப்பை நிறுத்திய பிள்ளை ஒன்றுகூட இல்லையென்றால் அது அவரால்தான். என் பி.எட்.டும் அந்தக் குழம்பில் வந்ததுதான்.

பெரிய வீட்டுப் பிள்ளைகளெல்லாம் சென்னையில் தங்கிவிட்டார்கள். நிலத்தைப் பார்க்க ஆளில்லை. எங்கள் தெருவை ஒட்டிய மேட்டு நிலம் விலைக்கு வந்தபோது மாமா வாங்கினார். பேச்சுவார்த்தைக்குப் போனது, வழக்கம்போல மாஸ்டர். விபூதியோடு உடம்பில் ஒரு கோட்டும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். கல் நட்டார்கள், கலர் கொடி கட்டினார்கள், ரோட்டோரம் ஒரு ஆர்ச் எழுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வேனில் ஆட்களை அழைத்துக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் வெயிலில் நிறுத்தி மனையைக் காட்டுவார்கள். மாமா முதலில் பந்தலில் உட்காரவைத்து இலை போடுவார். பட்டா, தண்ணீர், ரோடு எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம். காரக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்கள் வேனுக்குத் திரும்புவதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு பேஜார். சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தால் எங்கள் தெரு கண்ணுக்கு நேராகத் தெரியும். "அது இன்னா தெருங்க?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போனவர்கள் வரவே இல்லை. சுவர் எழுப்பலாம் என்று மாஸ்டர் சொன்னார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "செவுரு கட்னா எதுக்கு கட்னன்னு கேப்பான். மரம் வெச்சா எவனும் கேக்க மாட்டான்" என்றார். எல்லை நெடுக நெருக்கமாகச் சவுக்கு நட்டார்கள். நோட்டீசில் பசுமையான சூழல் என்று அச்சடித்தார்கள். அந்தச் சவுக்குக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியது எங்கள் தெரு ஆட்கள்தான், கூலிக்கு.

அந்த நேரத்தில் எனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணமாகி வாலாஜாபாத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் திண்டிவனம் பக்கம், ஒரகடத்தில் கம்பெனி வேலை. வாடகை வீடு என்று பெயர்தானே ஒழிய எங்கேயும் நிலைத்ததில்லை. முதலில் டீச்சர் என்று இழுத்துப் போட்டுக் கொஞ்சுவார்கள். யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரமே அவர்களுடைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும், வீடு வேண்டும் என்பார்கள். கல்யாணமே ஆகாத பிள்ளைகளுக்கெல்லாம் எங்களால் கல்யாணம் கூடியது. இனி சொந்த வீடுதான் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கும் முட்டி வலி ஆரம்பித்திருந்தது. பக்கத்திலேயே இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். மாமாவின் மனை எதற்கு இருக்கிறது?

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"மாமா, எனக்கு ஒரு மனை வேணும். கெயக்க பாத்து."

"மொதல்ல நாஷ்டா பண்ணு பாப்பா."

"பண்ணிட்டேன். நீ மனைக்குச் சொல்லு."

"வாலாஜாபாத்லயே பாத்துத் தரேன். ஸ்டேசன் கிட்ட. உனக்கு ஸ்கூலுக்கும் சுளுவா இருக்கும்."

"எனக்கு இங்கதான் வேணும். அம்மா இங்கதான கீது."

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "நீ வாங்கனா மீதி மனை விக்காது பாப்பா" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்ப நீ? நீ ஒண்ணு எடுத்து வூடு கட்டிக்க மாட்டியா?"

"நா எப்டிக் கட்டுவேன்?"

சோற்றில் உப்பு போடாமல் எப்படி என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை, கீழே டயரைப் பார்த்தது. பெரியவர் கட்டிக் கொடுத்த பையைப் பிரித்துச் சாப்பிட்டபோது நிமிர்ந்திருந்த தலை அன்றைக்குத்தான் குனிந்தது. வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வந்தேன். அக்கா மகளுக்கு இல்லாத மண்ணை யாருக்கு விற்கிறாய் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் போன் செய்தால் எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, வண்டிமேல் சாய்ந்துகொண்டுதான்.

"வாங்கிக்க. ஆனா நா சொல்ற மாரி" என்றார். "நீ திண்டிவனம். உங்க ரெண்டு பேருக்கும் இந்தப் பக்கம் சொந்தம்னு யாரும் கெடையாது. தெருவுலேர்ந்து ஒருத்தரும் ஆர்ச்சு வழியா உள்ள வரக்கூடாது. நா எல்லாருகிட்டயும் சொல்லிக்கறேன்."

"அம்மாவுமா?"

"அக்காவுந்தான். கொஞ்ச நாளிக்கித்தான். எல்லா மனையும் வித்து முடிச்சிட்டா அப்பால எவன் கேக்கப் போறான்?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெல் அடித்துவிட்டது, பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், யோசிக்க நேரமில்லை என்றெல்லாம் காரணம் சொல்ல எனக்குத் தெரியும். எனக்கு வீடு வேண்டியிருந்தது. சரி என்றேன்.

அம்மா ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. "கட்டு, கட்டு. மொட்ட மாடியில வந்து நில்லு, நா இங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்றாள். வீடு எழும்ப எழும்பச் சவுக்கும் எழும்பியது. பூச்சு வேலை முடிந்து நான் மாடியில் ஏறி நின்றபோது எங்கள் தெருவே தெரியவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போய், ஊரைச் சுற்றி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் தெருவுக்குள் நுழைவேன். அவ்வளவு ஒழுங்காக ஹெல்மெட் போடுகிற பெண்பிள்ளையை எங்கள் பக்கத்துப் போலீஸ்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

போன தை மாதம் புதுமனை புகுவிழா வைத்தோம். சாப்பாடு மாமாவுடையது. பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள், அக்கம்பக்கத்து மனைக்காரர்கள், கணவர் வீட்டில் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். என் பக்கத்து மனிதர்கள் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு அம்மா தாம்பரத்தில் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷி. குடிவருவதற்கு முன்பே கறிவேப்பிலைக் கன்று கொடுத்தவர். "சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கீங்களே, வாங்க டீச்சர், எங்கூட உக்காருங்க" என்று கையைப் பிடித்து என்னையும் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்.

பரிமாறுகிறவர்கள் மெரூன் கோட்டும் தலையில் தொப்பியும் கையில் உறையுமாக வந்தார்கள். கூட்டு, பொரியல், அப்பளம் வந்தது. குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வலது காலை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். அந்த நடையை எனக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தேன். தொப்பிக்குள் முடியை முழுக்க அடக்கிக்கொண்டு என் அம்மா நின்றாள்.

"கொயம்பு ஊத்தட்டுங்களா?" என்று எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டு ஊற்றினாள். அப்புறம் என் இலைக்கு வந்தாள்.

"உங்களுக்குங்க?"

"கொஞ்சம் போதுங்க" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. போன் எடுத்த காலத்துக் குரல் தானாகவே வந்துவிட்டது.

எதிர்வீட்டு அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏம்மா, குழம்பு பிரமாதமா இருக்கே. எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார்.

"வந்தவாசிங்க" என்றாள் அம்மா. கண்கூட இமைக்கவில்லை. வாளியோடு நின்றபடியே கூடத்துச் சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாகச் சமையலறை மேடையை எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு சுத்தமா இருக்காங்க" என்றார் எதிர்வீட்டு அம்மா. "இப்பல்லாம் யார் யாரையோ சமைக்கக் கூட்டிட்டு வந்துடறாங்க. கேட்டு வெக்கறது நல்லது, இல்லையா?"

அம்மா இன்னும் அடுத்த இலைக்கு நகரவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். அத்தனை பேரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்புகிற வரைக்கும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கடைசி ஆள் போனதும் வாசலுக்கு ஓடினேன். பாத்திரமெல்லாம் ஏற்றி முடித்து மாமா வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். என் வீட்டுக்குள் ஒரு தடவைகூட வராமல், ரோட்டிலேயே நின்றிருந்தார்.

"எங்கம்மாவ எனக்கே பரிமாற வெச்சிட்டியே மாமா. உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லையா?"

வண்டிக்குப் பின்னால் அண்டாக்களுக்கு நடுவே உட்கார இடம் செய்துகொண்டிருந்த அம்மாதான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பினாள்.

"அவன எதுக்கு திட்ற? நாந்தான் கேட்டேன். எம் பொண்ணு கட்ன வூட்ட ஒரு தரம் உள்ள வந்து பாக்கணும்டான்னு அவங்கிட்ட அயுதேன். அவனுக்குத் தெரிஞ்ச ஒரு வயி எனக்குப் பண்ணிக் குட்த்தான். நீ இன்னா பண்ண?"

வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா, இறங்கி வா, உள்ளே வந்து உட்கார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிர்வீட்டுக் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மா குப்பைக் கூடையோடு வெளியே வந்து எங்களைப் பார்த்தார்.

கையை எடுத்துக்கொண்டேன்.

"சரிங்க, ரொம்ப தேங்க்ஸ்ங்க. போயிட்டு வாங்க" என்றேன்.

அம்மா தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்து, சரியாகத்தான் சொன்னாய் என்கிற மாதிரி மெல்லத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.